மேலத்தெரு வழியாக ஓர் அடக்கம்

தேவஇரக்கம் ஞானஸ்நானத்துக்காக வேதம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பெயர் பெற்ற சிலம்பக்காரர். சுற்று வட்டாரத்தில் அவர் கம்புக்கு எதிர்க்கம்பு கிடையாது.

ஒருநாள் காலையில் புது அரிவாளோடு உபதேசியார் சுவாமியடியான் முன்னால் வந்து நின்றார்.

"போர்வையை வித்து வாங்கினேன் அய்யா."

"மார்கழிப் பனியிலயா?"

"வஸ்திரத்தை வித்தாவது பட்டயம், அதான் வாள், வாங்குன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே! ஆனா அதே வாயால, ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டுன்னும் சொல்றார். இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? விளங்காம நான் ஞானஸ்நானம் வாங்க மாட்டேன்."

உபதேசியார் அவரைவிட இளையவர். பனை ஏறிக்கொண்டிருந்து ஊழியத்துக்கு வந்தவர்.

"நேத்து தவறிப்போன நம்ம கீழத்தெருப் பாக்கியத்துக்கு சாயங்காலம் அடக்கம் அண்ணாச்சி. பெட்டி தூக்க வாங்க. அரிவாள் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

கீழத்தெருப் பிணங்கள் எப்போதும் ஓடையைச் சுற்றித்தான் கல்லறைக்குப் போகும். அன்று ஓடையில் வெள்ளம். மேலத்தெருவை விட்டால் வழியில்லை. பாக்கியத்துக்கு ஆண்பிள்ளை கிடையாது. மகள் ரூபி சிலுவையைப் பிடித்து முன்னால் நடந்தாள். பாமாலை பாடிக்கொண்டே எல்லோரும் பின்னால் போனார்கள்.

தெருமுனையில் மேலத்தெரு இளவட்டம் சங்கிலி மறித்தான்.

"ஏலே உபதேசி, எங்க தெருவுல உங்க பாட்டா? திருப்புங்கலே பெட்டியை!"

"ஓடையில கழுத்தளவு தண்ணி தம்பி. வழி விடுங்க."

அறை விழுந்தது. தேவஇரக்கத்துக்கு ரத்தம் கொதித்தது. தோளில் பெட்டி இருக்கிறதே, என்ன செய்வார்?

உபதேசியார் மறு கன்னத்தைக் காட்டினார். அதிலும் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

"உனக்கு உறைக்காதுலே. இந்தக் குட்டிக்கு ஒண்ணு வச்சாத்தான் திரும்புவீங்க" என்று சங்கிலி ரூபியைப் பார்த்துக் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. அந்த மணிக்கட்டை உபதேசியார் பிடித்திருந்தார். பனையைக் கட்டி ஏறிய கை. சங்கிலி இழுத்தான், முறுக்கினான், மறு கையால் குத்தினான். உபதேசியார் திருப்பி அடிக்கவுமில்லை, பிடியை விடவுமில்லை. பெண்பிள்ளை மேல் ஓங்கிய கைக்குத் துணையாக மேலத்தெருவிலும் ஒருவரும் இறங்கவில்லை.

"பாட்டை நிறுத்தாதீங்க. ரூபி, நட தாயி."

ரூபி சிலுவையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். ஆயுசெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்த பாக்கியம், அன்று ஆட்களின் தோள் உயரத்தில் நடுத்தெருவில் போனாள். கீழத்தெருக்காரர்கள் அப்படி ஒரு குரலில் பாடி தேவஇரக்கம் கேட்டதில்லை. அவர் குரலும் அதில் இருந்தது.

கடைசி ஆளும் கடந்த பிறகுதான் உபதேசியார் கையை விட்டாராம்.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது தேவஇரக்கம் மெல்லக் கேட்டார்.

"முதல்ல கன்னத்தைக் காட்டினீங்க. அப்புறம் கையைப் பிடிச்சீங்க. இதுல எது அய்யா வேதம்?"

உபதேசியார் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"என் கன்னம், கொடுத்தேன் அண்ணாச்சி. ரூபி கன்னத்தைக் கொடுக்க நான் யாரு?"