ஆடு மேய்ந்த குண்டுமல்லி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்குவதுதான் முறை. ராஜாவும் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவருக்கு முன்னால் என் ஆடு வந்துவிடுகிறது, என்ன செய்ய? சபையில் ஒரு வேடிக்கை காட்டலாமென்று செல்லியை அரண்மனைக்கு ஓட்டிப்போய்த் தோட்டத்து வேலியில் கட்டினேன். கட்டினதாக நான் நினைத்துக்கொண்டேன். ஆடு அப்படி நினைக்கவில்லை. காவல்காரனோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால், ராணியம்மாவின் குண்டுமல்லிச் செடி வெறும் குச்சியாக நிற்கிறது.

ராணியம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செடி. அதன்மேல் கத்தி படக்கூடாது, ஓர் இலையைக்கூடக் கிள்ளக்கூடாது என்பது ராஜாவின் ஆணை. எல்லாம் ஆசைதான். அந்த ஆசையில் செடி வைக்கோற்போர் மாதிரி புதர்மண்டி, பூப்பதையே மறந்துவிட்டிருந்தது. ராணியம்மா சூடுவது கடைவீதிப் பூ. இதை ராஜாவிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. அரசவைக் கோமாளியான எனக்கும்தான்.

சபை கூடியது. ராஜா முகம் சிவந்து தீர்ப்புச் சொன்னார்: “செடிக்கு நேர்ந்தது இந்தக் கோமாளி மருதப்பனுக்கும் நேரட்டும்!”

பிரதானி வெங்கப்பருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவர் எழுந்து, “உத்தரவு மகாராஜா. செடியின் கிளைகள் போயின. இவன் கைகால்களை எடுத்துவிடலாம்” என்றார்.

“பிரபு, செடியைத் தொட்டது கத்தி அல்ல, ஆட்டின் வாய். ஆட்டையே அழையுங்கள். என்னில் எவ்வளவு வேண்டுமோ தின்னட்டும்” என்றேன்.

செல்லி வந்தாள். என் முகத்தை முகர்ந்து ஒரு தும்மல் போட்டாள். பிறகு திரும்பி, பிரதானியின் தட்டிலிருந்த வெற்றிலையை ஒன்றுவிடாமல் மென்றாள். சபை சிரித்தது. வெங்கப்பர் சிரிக்கவில்லை.

“நேர்ந்தது இன்னும் முடியவில்லையே, மகாராஜா! செடி பட்டுப்போனால்? வேரோடு வெட்டி அடுப்பில்தானே வைப்போம்?” என்றார்.

“ஆமாம். செடியின் கதி இவன் கதி” என்றார் ராஜா.

நான் கைகூப்பினேன். “அப்படியானால் பிரபு, அதற்குக் கிடைப்பதெல்லாம் எனக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு வெயில் உண்டு, ஆகவே எனக்குச் சிறை கூடாது. அதற்குத் தினமும் சாப்பாடு உண்டு.”

“ஆகட்டும்.”

“பட்டுப்போனால் நிஜமாகவே வெட்டிவிடுவீர்களா?”

“பார்ப்போம்” என்றார் ராஜா.

செடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தேன். தோட்டக்காரன் மூக்கன் விடிந்ததும் செடிக்கு ஒரு குடம், என் தலையில் ஒரு குடம் ஊற்றுவான். மார்கழிக் குளிர். அரண்மனைச் சமையலறையிலிருந்து நெய்ச்சோறு வந்தது உண்மைதான். ஆனால் செடிக்கு எரு வைத்த அன்று, என் காலைச் சுற்றியும் ஒரு கூடை மாட்டுச்சாணம் கொட்டச் செய்தார் வெங்கப்பர். என் புத்திசாலித்தனத்தின் வாசனை மூன்று தெருவுக்கு வீசியது.

“மூக்கா, துளிர்க்குமாடா?”

“துளுக்கும்னு நெனச்சுக்குங்க சாமி, மனசுக்குத் தெம்பா இருக்கும்.”

அரண்மனை வைத்தியரைக் கேட்டேன். “துளிர்க்கவும் கூடும், துளிர்க்காமலும் போகும்” என்றார். அது எனக்கே தெரியும்.

தை பிறந்தும் குச்சி குச்சியாகவே நின்றது. வெங்கப்பர் ராஜாவைக் கையோடு அழைத்துவந்து, ஒரு நுனியைப் படக்கென்று ஒடித்தார். “பாருங்கள் மகாராஜா, சுள்ளி! பட்டுப்போயிற்று!”

“ஐயோ பிரபு, செடியின் நுனியைப் பிரதானி எடுத்துவிட்டார். இனி என் நுனியையும் அவர் கையாலேயே எடுக்க வேண்டுமே” என்று பத்து விரலையும் நீட்டினேன். “என் உடம்பில் காய்ந்த நுனி இந்த நகந்தான்.”

தீர்ப்பு தீர்ப்புதானே. பிரதானி உட்கார்ந்து என் கைநகம் வெட்டினார். செடியில் காய்ந்த குச்சி இன்னும் நிறைய இருந்ததால் கால்நகமும் வெட்டினார். சாணத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன், கேட்கவில்லை; கோபம். அதற்குள் பிரதானி ஒடித்த இடத்துக்குக் கீழே, தண்டை மூக்கன் நகத்தால் கீறிக் காட்டினான். பச்சை.

மாசியில் கணுவுக்குக் கணு தளிர் வெடித்தது. பங்குனியில் தளிர் நுனியெல்லாம் அரும்பு. ஒரு மாலை அத்தனையும் மலர்ந்து, வாசனை அந்தப்புரம்வரை போயிற்று. ராணியம்மா தன் செடியின் பூவை முதல்முறையாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது ராஜா எழுந்தே நின்றுவிட்டார். இனி வருஷாவருஷம் மார்கழியில் மூக்கன் செடியைக் கிளை வெட்டிக் கவாத்து செய்யலாம் என்று உத்தரவானது. செல்லியின் கொம்பில் ஒரு முழம் பூ ஏறியது. ஏறிய வேகத்தில் அதையும் தின்றாள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “பிரபு, இப்போதாவது சொல்லுங்கள். செடி பட்டுப்போயிருந்தால்?”

ராஜா சிரிப்பை நிறுத்தினார். சால்வையின் மடிப்பை என் தோளில் சரிசெய்தார்.

“வெட்டியிருப்பேன், மருதப்பா” என்றார்.