கால் தூக்கிய யானை

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை முகிலரையன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். அவனுக்குக் கோபம் முதலில் வரும். யோசனை, வந்தால், பிறகு வரும்.

ஒருநாள் அரசவையில் அம்பலராயர் என்னும் அமைச்சர் புதுப் பொற்காசு ஒன்றை நீட்டினார். அதன் ஒருபுறம் மன்னன் முகம். மறுபுறம் அரச முத்திரையாகிய யானை.

"அரசே, தங்கள் திருமுகத்தைப் பார்த்தவாறே காசை மேலிருந்து கீழாகப் புரட்டுங்கள்."

மன்னன் புரட்டினான். யானை கால்களை வானத்துக்கு நீட்டிக் கிடந்தது.

"என் யானையைக் கவிழ்த்தவன் எவன்?"

"நாணயம் அடிக்கும் அக்கசாலையின் தலைவன், மாசிலாமணி ஆசாரி. அச்சைத் திருப்பிப் பிடித்து அடித்திருக்கிறான். இதோ, என் மைத்துனன் அடித்த காசு. இதையும் புரட்டுங்கள்."

இந்தக் காசில் யானை நிமிர்ந்து நின்றது.

"ஆசாரியின் கட்டைவிரலை வெட்டுங்கள்! அக்கசாலை இனி உம் மைத்துனனுக்கு!"

ஆசாரியைக் கை கட்டி இழுத்துவந்தனர். காவலரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நுழைந்தாள் அவன் மனைவி செங்கமலம்.

"முப்பதாண்டு உழைத்த விரல்! ஒரு காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெட்டிவிடுவீர்களோ?"

"வாயை மூடடி! கண்ணால் கண்ட குற்றம் இது," என்று சீறினார் அம்பலராயர்.

"கண்ணில் பழுதில்லை, ராயரே. புரட்டிய கைதான் கோணல்." அவள் மன்னன் பக்கம் திரும்பினாள். "வெற்றித் திருநாளில் வீரர்கள் இந்தக் காசை எங்கே அணிகிறார்கள்?"

"கழுத்தில், கயிற்றில் கோத்து."

"கயிற்றில் தொங்கும் காசு மேலும் கீழுமாகவா புரளும்?"

செங்கமலம் இரண்டு காசுகளிலும் மன்னனுடைய மகுடத்தின் உச்சியில் அரக்கால் நூலை ஒட்டி, காவலனின் ஈட்டியில் தொங்கவிட்டுச் சுழற்றினாள். ஆசாரியின் காசில் மன்னனும் நிமிர்ந்திருந்தான், யானையும் நிமிர்ந்திருந்தது. மைத்துனன் காசிலோ, மன்னன் நிமிர்ந்திருக்க, யானை தலைகீழாகத் தொங்கியது.

"கதவைப் போலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டிய காசு இது. அக்கசாலையில் முதல் நாளே கற்பிப்பார்கள். அங்கே காலெடுத்து வைக்காத ராயர் சொன்னார், மைத்துனர் அடித்தார்!"

அவை சிரித்தது. மன்னன் முகம் சிவந்தது.

"ராயரே, உம் மைத்துனன் எத்தனை காசு அடித்தான்?"

"நூ... நூறு, அரசே."

"நூறையும் மாலையாகக் கோத்து அணிந்துகொண்டு ஒரு மாதம் அவைக்கு வாரும். ஒவ்வொரு யானையும் காலைத் தூக்கி உமக்கு வணக்கம் சொல்லட்டும்! அம்மா, உன் அறிவுக்கு ஆயிரம் பொன்."

செங்கமலம் பொன்முடிப்பைப் பார்க்கவே இல்லை.

"பொன் இருக்கட்டும். என் கணவர் இன்னும் கட்டுண்டு நிற்கிறார். காசைத் தவறாகப் புரட்டியவர் ராயர் மட்டும் அல்லர். வெட்டச் சொன்னவரே வந்து அவிழ்க்கட்டும்."

மன்னன் அரியணையிலிருந்து இறங்கினான். முடிச்சு இறுகியிருந்தது, அவன் நகம் பெயர்ந்தது. உதவிக்கு நகர்ந்த காவலனைச் செங்கமலம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.