கோணல் மோட்டார்

தூத்துக்குடி பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. அந்தக் கடைக்குள் ஒரு கடலும் இருந்தது. மொத்தம் அறுபது லிட்டர் கடல். நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு பாறை, பாறையைச் சுற்றிப் பவளங்கள். கண் சோதனைக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியே இருக்கிற பெரிய கடலில் அலை தானாக வரும். இந்தக் கடலுக்கு ஒரு மோட்டார்தான் எல்லாம். பவளங்களுக்குக் காலா இருக்கிறது, எழுந்து போய்ச் சாப்பிட? ஓடுகிற தண்ணீர் தேடி வந்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடும் மூச்சும். ஆகவே கைமுட்டி அளவிருந்த அந்த மோட்டார் தண்ணீரைத் தள்ளித் தள்ளி நாலு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மோட்டாருக்கு அதுவும் கிடையாது.

இப்போது அதற்கு ரொம்பவே அலுத்துவிட்டது. உடம்பெல்லாம் சுண்ணாம்பு படிந்து, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது. ஒரே இடத்தில் நாலு வருஷம் ஒரே வேலையைச் செய்தால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது?

அதற்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. கடைக்காரர் கஸ்பார் அதை எத்தனை தடவை நேராக ஒட்டினாலும், நாலு நாளில் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சாய்ந்துவிடும். பகல் முழுக்கக் கோணிப்போன மூக்குக்கண்ணாடிகளை நிமிர்த்துகிற மனிதர் அவர். கோணலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "சனியன், மறுபடியும் சாஞ்சிட்டு" என்று திட்டிக்கொண்டே நிமிர்த்துவார்.

அது ஏன் சாய்கிறது என்பது ஒரே ஒரு பவளத்துக்குத்தான் தெரியும். பாறைக்குப் பின்னால், மூலையில், யார் கண்ணிலும் படாமல் இருந்த பச்சைப் பவளம் அது. முதல் வருஷத்தில் ஒருநாள் அது கூப்பிட்டது.

"அண்ணே, இங்க தண்ணியே வரல. மூச்சு முட்டுது."

மோட்டார் நேராகப் பார்த்து ஓடினால் தண்ணீர் பாறையின் முகத்தில் மோதி முன்பக்கமே திரும்பிவிடும். அதனால் அது தன் அதிர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சாய்ந்தது. தண்ணீர் பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. கஸ்பார் நிமிர்த்துவார். இது திரும்பச் சாயும். நாலு வருஷமாக நடந்த சண்டை இதுதான். மனிதரிடம் பேசத் தெரியாத மோட்டார் வேறெப்படிச் சொல்லும்?

கடைசியில் கஸ்பார் மனைவி ஜெனோவாவிடம் சொன்னார். "கடைக்கு வர்றவங்க உள்ள மிக்ஸி ஓடுதான்னு கேக்காங்க. வேற மோட்டார் பாத்துர வேண்டியதுதான்."

மீன்தொட்டிச் சாமான் விற்கிறவர் மூன்று மோட்டார்களைக் கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய மோட்டாரைத் தூக்கிப் போட மனசில்லாமல், சுண்ணாம்பாவது கரையட்டும் என்று ஜெனோவா அதை ஒரு மக்கில் வினிகர் ஊற்றி ஊறப்போட்டாள். மக்கு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அப்பாடா என்று இருந்தது மோட்டாருக்கு. இதல்லவா சுகம், சும்மா கிடப்பதல்லவா சுகம் என்று அது கண்ணை மூடிக் கிடந்தது.

கஸ்பார், கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது போலவே மோட்டாரையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார்.

முதல் மோட்டார் தடியன். "நான் தள்ளினா இந்தத் தெருவே ஆடும்" என்று வந்தான். தொட்டிக்குள் மணல் பறந்தது. ஒரு பவளத்தின் சதை ஓரத்தில் கிழிந்தது. கஸ்பார் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

இரண்டாவது ரொம்பப் பதவிசு. "யாருக்கும் என்னால ஒரு தொந்தரவும் வராது" என்றது. உண்மைதான். போட்ட தீனி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மூன்றாவது அளவாக ஓடியது. சத்தமே இல்லை. முன்வரிசைப் பவளங்கள் எல்லாம் ஒன்றுபோல ஆடின. கஸ்பார் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "இதுதான்!" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் அல்லவா, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அவருக்கு அது சரி.

பாறைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அண்ணே, இங்க மறுபடியும் தண்ணி நின்னுட்டு."

பழைய மோட்டார் மக்கிலிருந்து புதியதைக் கூப்பிட்டது. "தம்பி, ஒரு உபகாரம் பண்ணு. கொஞ்சம் பின்பக்கமா சாஞ்சுக்கோ. அங்க ஒருத்தி இருக்கா."

"ஐயா, நான் காந்தத்துல ஒட்டியிருக்கேன்" என்றது புதிய மோட்டார். "வச்ச இடத்தவிட்டு ஒரு நூல் நகர மாட்டேன். அதுக்காகத்தானே என்னை எடுத்தாங்க?"

அது திமிராகச் சொல்லவில்லை. அதன் குணமே அதுதான். அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

பத்தாம் நாள் பின்கண்ணாடியைத் துடைத்த ஜெனோவா துணியைக் கீழே போட்டாள். "ஏங்க, இங்க வாங்க. இந்தப் பவளம் ஓரமெல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கு."

"முன்னால எல்லாம் ஜம்முனு ஆடுதே."

"நான் பின்னால சொல்லுதேன்."

கஸ்பார் வந்து மூலையில் கையை விட்டுப் பார்த்தார். பச்சைப் பவளத்தின் மேல் அழுக்கு படிந்திருந்தது. "இங்க ஓட்டமே இல்லையே. இத்தன வருஷம் எப்படி உசுரோட இருந்துச்சு?"

ஜெனோவா மக்கைப் பார்த்தாள். "அந்தப் பழசு எப்பவும் இந்தப் பக்கந்தான் சாஞ்சு நிக்கும். அதுதான் தண்ணி அனுப்பியிருக்கு. நீங்க நிமித்தி நிமித்தி வச்சீங்க."

கஸ்பார் மக்கில் கையை விட்டார். மோட்டாரை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவினார். புதியதைக் கழற்றிவிட்டு, அதைப் பழைய இடத்தில் பழைய சாய்விலேயே ஒட்டினார். பழக்கத்தில் நிமிர்த்தப் போன கையை ஜெனோவா பிடித்துக்கொண்டாள். "அது இருந்தபடியே இருக்கட்டும்."

பிளக்கைச் செருகினார்கள்.

மின்சாரம் வந்து தொட்டது. மோட்டார் அசையவில்லை.

நிஜத்தைச் சொன்னால் அதற்கு மனசே இல்லை. அசையாமல் இருந்தால் போதும். 'உள்ளே காயில் எரிந்துபோயிருக்கும்' என்று சொல்லி எடுத்துவிடுவார்கள். யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. நாலு வருஷம் உழைத்துச் செத்தது என்று நல்ல பேர்கூடக் கிடைக்கும். பத்து நாள் சும்மா கிடந்த சுகம் இன்னும் உடம்பில் இருந்தது.

"செத்துட்டோ?" என்றார் கஸ்பார்.

மூலையிலிருந்து பச்சைப் பவளம் பேசியது. குரல் பாதிதான் வந்தது. "அண்ணே, முடியலைன்னா விட்டுரு. நீயும் எவ்வளவுதான் ஓடுவ?"

ஓடு என்று கெஞ்சியிருந்தால் மோட்டார் ஒருவேளை அப்படியே கிடந்திருக்கும். விட்டுவிடு என்று சொல்கிறவளை எப்படி விடுவது? அது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. தண்ணீர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மூலைக்குப் போனது. பச்சைப் பவளத்தின் மேலிருந்த அழுக்கு மெதுவாக விலகியது.

கஸ்பாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா ஜெனோவா, சத்தங்கூட இல்ல! இதோட அருமை தெரியாம இருந்துட்டேன். இனிமே இதை ஒரு நிமிஷங்கூட நிறுத்தக் கூடாது."

அதைக் கேட்டதும் மோட்டாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ வேண்டுமென்றால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அது சுற்றிக்கொண்டே இருந்தது.