மூழ்கிப்போன மிதவை

கும்பகோணம் பழைய கார் சங்கத்தின் தலைவர் தேவசிகாமணி. கார்பரேட்டரைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார். அவருடைய காரோ மூன்று நாளாக நகரவில்லை. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் அந்தக் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு.

"லண்டன்லேர்ந்து புதுசு வந்தாத்தான் ஓடும்," என்றார் தலைவர்.

எதிர்க்கடையில் ஓட்டைக் குடங்களுக்கு ஈயம் வைத்து அடைக்கும் செங்கமலம், "நான் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"குடம் அடைக்கிறவளா? சரி, பாரு. ஓடலேன்னா நாளைக்கு இந்தத் தெருவுல உன் கடை இருக்காது!"

செங்கமலம் கார்பரேட்டரைத் திறந்தாள். பெட்ரோல் நிரம்பியதும் மேலெழும்பி, அது வரும் வழியை அடைக்கவேண்டிய பித்தளை மிதவை, அடியில் மூழ்கிக் கிடந்தது. காதருகே குலுக்கினாள், சளக் சளக் என்றது. வெந்நீரில் அமுக்கினாள், ஒரு மூலையில் குமிழி வந்தது. உள்ளே புகுந்திருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்து, நன்றாகக் காயவைத்து, ஓட்டையில் ஒரு பொட்டு ஈயம் வைத்தாள்.

மாட்டியதும் கார் உறுமியது. அழைப்புக்கு வந்திருந்த மேளக்காரர்களே கை தட்டினார்கள்.

"அந்த மிதவைக்குள்ள அப்படி என்னத்தை வச்சே?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் வைக்கலீங்க. உள்ள ஒண்ணுமே இல்லாம இருந்தாத்தானே எப்பவும் மேல இருக்க முடியும்? உங்களுக்குத் தெரியாததா, தலைவரே!"