வரத்து ஆள்

புதுசாக முளைத்த பிளாட்டில் குடியேறிய தையல்காரி, வார்டு மெம்பருக்கு நிற்கிறேன் என்று, நிரப்பாத மனுவோடு பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்தாள். நாலு வருஷமாக அந்த ஊர்க் கல்யாண ரவிக்கையெல்லாம் அவள் தைத்ததுதான். பத்திரிகை மட்டும் ஒருத்தரும் அவளுக்கு வைத்ததில்லை.

பிரசிடெண்ட் பூதலிங்கம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "முன்மொழிய ஊர்க்காரன் கையெழுத்து வேணும். வரத்து ஆளுக்கு எவன் போடுவான்?" வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே அதுதான் பேர்.

ஒருத்தரும் அசையவில்லை.

"நான் வரத்துதான் அண்ணாச்சி" என்றாள். "வரத்து இல்லாமத்தான் நம்ம குளம் காஞ்சு கெடக்கு. தண்ணி வர்ற வரத்துக்கால மறிச்சுத் தென்னை வச்சது நான் இல்லையே."

எல்லார் பார்வையும் பிரசிடெண்ட் மேல் விழுந்தது. தோப்பு அவருடையது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குளத்துத் தண்ணீர் இல்லாமல் வயலைத் தரிசாகப் போட்டிருந்த கோமதிநாயகம் எழுந்து வந்து பேனாவை வாங்கினார். இன்னாரை முன்மொழிகிறேன் என்று எழுதப் போனவர், நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா தாயி, உம்பேரு என்ன?"

"சந்தனமாரி."

அந்த ஊரில் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.