ராஜா அடைத்த மதகு

முன்னொரு காலத்திலே காரையாற்று நாட்டை மாறங்காரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகன், சேந்தன். பதினாறு வயதில் பெரிய ஏரிக்கு நீந்தப் போனவன் திரும்பவில்லை. எட்டு நாள் வலைபோட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ராஜா மதகை அடைக்கச் சொன்னான். "என் பிள்ளை உள்ளே இருக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. திறக்கச் சொல்கிறவனுக்குச் சிறைதான்!"

ஏரிக்குக் கீழே நாற்பது ஊர். கதிர் வரும் நேரத்தில் பயிர் கருகியது. கிணறுகள் வற்றின. முறையிட வந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.

விச்சியரையன் என்ற அவைக்காரனுக்கு மட்டும் நல்ல காலம். மந்திரி நல்லாதனின் பதவிமேல் அவனுக்கு நெடுநாளாகக் கண். தினமும் ஏரிக்கரைக்குப் போய்வந்து, "இளவரசர் பேசினார், மகாராஜா! குளிர்கிறதாம், பட்டுச் சால்வை கேட்டார்" என்பான். மறுநாள் பாயசம் கேட்டார் என்பான். ராஜா கொடுத்தனுப்புவான். பாயசம் எங்கே போனதென்று விச்சியரையனின் தொந்தியைப் பார்த்தாலே தெரியும்.

ஒருநாள் அவன் சபையில், "மந்திரி மதகைத் திறக்கத் திட்டம் போடுகிறார்" என்று கோள் மூட்டினான்.

"அப்படியா?" என்று உறுமினான் ராஜா.

"திறக்கச் சொல்ல நான் யார், மகாராஜா?" என்றார் நல்லாதன். "இளவரசர்தான் இவரோடு பேசுகிறாரே, அவரையே கேட்போம். ஆனால் பேசுவது அவர்தானா என்று தெரிய வேண்டாமா? உங்களுக்கும் இளவரசருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டனுப்புங்கள்."

விச்சியரையன் முகம் வெளுத்தது. ராஜா அவனிடம், "அன்று காலை கடைசியாக என்னிடம் என்ன சொன்னான்? கேட்டு வா" என்றான்.

போனவன் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "'அப்பா, ஆசி கொடுங்கள்' என்றாராம். நீங்கள் கட்டி அணைத்தீர்களாம்!"

ராஜா சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சபையே நடுங்கியது.

"'என்கூட நீந்த வாங்கப்பா' என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிற்பி கொண்டுவந்த என் சிலையை ரசித்துக்கொண்டிருந்தேன்." மந்திரி பக்கம் திரும்பினான். "நல்லாதா, அவன் அங்கே இல்லை, அப்படித்தானே?"

"இல்லை, மகாராஜா."

விச்சியரையன் நாற்பது ஊருக்கும் குடிதண்ணீர் சுமக்க அனுப்பப்பட்டான். சிறைக்கதவு திறந்தது. "உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா கேட்டான்.

"மதகை உங்கள் கையால் திறக்க வேண்டும்" என்றார் நல்லாதன்.

ராஜா மதகுப் பலகையைத் தோள் கொடுத்துத் தூக்கினான். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியபோது அலறினான். ஆனால் அடைக்கச் சொல்லவில்லை. செருப்பில்லாமல் வாய்க்கால் ஓரமாகவே கடைசி ஊர்வரை நடந்தான்.

அங்கே யாரும் வாழ்த்தவில்லை. கருகிய வயல் வரப்பில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "ஒரு மாசம் முன்னாடி திறந்திருந்தா என் பொண்ணு பொழச்சிருப்பா, சாமி" என்றாள்.

ராஜா அவள் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தான்.

"என் மகன் செத்துட்டான், அம்மா" என்றான். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.