முடியாத கேம்

மழை மூட்டத்தில் எஸ்டேட் துரை, கிளப் டென்னிஸ் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் செபஸ்தியைக் கூப்பிட்டார். செபஸ்தியின் மனைவி, எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டில் படுத்த படுக்கை.

"என்னோட ஒரே கேம் ஆடு. ஜெயிச்சா உனக்குத் திமிர், தோத்தா நீ தண்டச்சோறு. எதுவானாலும் கேம் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணு!"

"முடிஞ்சதும்தானே தொரை?"

கிளப்பே சிரித்தது.

பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏறி, இருவரும் நாற்பதில் சமமானார்கள். அதுதான் டியூஸ். இனி அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் கேம். துரை ஒன்று எடுத்தால் செபஸ்தியும் ஒன்று எடுத்தான். தான் முந்தினால் அடுத்த பந்தை வலையில் அடித்தான். இருட்டியதும் துரை மூச்சிரைத்து உட்கார்ந்தார்.

"மிச்சம் நாளைக்குடா."

ஈரத்தோடு வந்தவனிடம் மனைவி இருமியபடி கேட்டாள்: "வீடு போச்சா?"

"இன்னும் டியூஸ்தான்."